கூலியைக் கடனென்று எழுதலாமா?

 

 

நாம் கடை வைத்துப் பிழைக்கும் புக்கிட் பாத்தோக்கின் பெயருக்கு மலாய்க்காரப் பெரியவர்கள் ஒரு கதை சொல்லுவார்கள். பாத்தோக் என்றால் அவர்கள் மொழியில் இருமல். முன்னாளில் இம்மலைப்பக்கம் கருங்கல் உடைப்பதற்காக வெடி வைப்பார்களாம். அந்த ஓசை தூரத்தில் இருப்போருக்கு யாரோ கிழவர் ஒருவர் இருமுவது போலக் கேட்டதாம். அதனால் இருமும் குன்று என்று பெயர் வந்ததாம். கல்லுடைத்த பள்ளங்களில் ஒன்று இன்று நீர் நிறைந்து அழகிய பூங்காவாகி விட்டது. வெடியும் இல்லை, இருமலும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்து விட்டது.

இருமலை மனிதன் எவ்வளவு நேரம் அடக்க முடியும்? வாயைப் பொத்தலாம், மூச்சைப் பிடிக்கலாம். ஆயினும் சபை நடுவே ஒரு கணத்தில் அது வெளிப்பட்டே தீரும். கணக்குப் புத்தகத்தில் ஒளித்து வைத்த பொய்யும் அத்தகையதே. அது இருமும் நாள் ஒன்று உண்டு. இம்மையில் தப்பினாலும் மறுமையில் தப்பாது. அப்படி நாம் ஒளித்து வைத்த பொய் ஒன்றைப் பற்றியே இன்று எழுதத் துணிந்தோம். நாம் பெரிய ஆலிம் அல்ல. மதரஸாவில் கொஞ்சம் ஓதி, பள்ளிக்கூடத்தில் ஆரம்ப வகுப்புகள் படித்து, பின்பு தராசைப் பிடித்தவர். ஆனால் பட்டவன் சொல்லுகிறோம், கேட்டருளுங்கள்.

நம் மூத்த லாத்தாவின் மகன் லண்டன் பட்டணத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறான். நிரந்தர உத்தியோகம் அல்ல. ஆறு மாதம் ஒரு கம்பெனி, ஒரு வருடம் மற்றொரு கம்பெனி என்று ஒப்பந்த வேலை. 2014-ஆம் ஆண்டு அவன் ஊர் வந்தபோது நம் கடையில் அமர்ந்து தேநீர் குடித்தபடியே ஒரு விஷயம் சொன்னான். "மாமா, எனக்கு வரி ஏறக்குறைய இல்லை. சம்பளமாகக் கொஞ்சம்தான் தருகிறார்கள். மீதியைக் கடனாகத் தருகிறார்கள். கடனுக்கு வரி கிடையாதல்லவா?" என்றான். "கடனென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டோம். அவன் சிரித்து, "யாரும் கேட்க மாட்டார்கள் மாமா, பேருக்குத்தான்" என்றான்.

சகோதரர்களே! அவ்விடத்தில் நாம் அவனைக் கண்டித்திருக்க வேண்டும். நாம் செய்தது என்ன? முதுகில் தட்டிக் கொடுத்து, 'கெட்டிக்காரன்' என்றோம்.

அந்த ஏற்பாடு எப்படியென்று சுருக்கமாகச் சொல்லுவோம். வேலை வாங்கிய கம்பெனி கொடுக்கும் பணம் வேலை செய்தவனிடம் நேரே வருவதில்லை. நடுவே ஒரு தரகுக் கம்பெனிக்குப் போகிறது. அக்கம்பெனி சட்டம் விதித்த மிகக் குறைந்த கூலியை ஒட்டி ஒரு சிறு தொகையைச் சம்பளமென்று கொடுக்கிறது. மீதிப் பணத்தில் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு, எஞ்சியதைப் பெரும்பாலும் மான் தீவு போன்ற இடங்களில் உள்ள ஒரு டிரஸ்டுக்கு அனுப்புகிறது. அந்த டிரஸ்டு அதே பணத்தை அதே மனிதனுக்குக் 'கடன்' என்று பெயரிட்டுக் கொடுக்கிறது. வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை, கேட்பாரும் இல்லை. கையெழுத்து மட்டும் உண்டு. பட்டம் பெற்ற கணக்கர்களும் சட்டம் படித்தவர்களும், 'இது முற்றிலும் சட்டப்படியானது' என்று காகிதம் கொடுத்தார்கள். தாதிமார்களும் சமூகப் பணியாளர்களுங்கூட இதில் சேர்ந்தார்கள். சிலருக்கு, இதில் சேர்ந்தால்தான் வேலை என்றே சொல்லப்பட்டது.

பிறகு இருமல் வந்தது. கிளாஸ்கோவிலுள்ள ரேஞ்சர்ஸ் என்ற புகழ்பெற்ற கால்பந்துக் கழகம் தன் ஆட்டக்காரர்களுக்கு இவ்விதமே டிரஸ்டு வழியாகக் கடன் கொடுத்து வந்தது. அவ்வழக்கில் 2017 ஜூலை 5 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உழைப்புக்காகக் கொடுக்கப்பட்ட பணம் எவ்வழியே சுற்றிப் போனாலும், யார் கையில் கொடுக்கப்பட்டாலும் சம்பளமே என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் ஒரு சட்டமும் நிறைவேறிற்று. 'லோன் சார்ஜ்' என்று அதற்குப் பெயர். 1999 முதல் வாங்கிய இத்தகைய கடன்களில் 2019 ஏப்ரல் 5 அன்று தீராமல் நின்றவை அனைத்தும் அந்த ஒரே ஆண்டின் வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும் என்று அச்சட்டம் கூறிற்று. பல ஆண்டுப் பணம் ஓர் ஆண்டில் குவிந்தால் வரி வீதமும் ஏறிவிடும் அல்லவா? ஏறக்குறைய 50,000 பேர் இதில் அகப்பட்டார்கள் என்பது அந்நாட்டு வரித்துறையின் மதிப்பீடு.

எதிர்ப்புக் குரல் எழுந்தது. 2019 டிசம்பரில் மோர்ஸ் பிரபுவின் ஆய்வறிக்கை வெளிவந்தது. அதன் பின்னர், 2010 டிசம்பர் 9-க்கு முந்திய கடன்கள் விலக்கப்பட்டன. மூன்றாண்டுகளில் பிரித்துக் கணக்கிடவும் வழி தரப்பட்டது. 2025-லும் ஒரு மறு ஆய்வு நடைபெற்றது. எனினும் இதற்கிடையில் வீட்டை விற்றவர் உண்டு, குடும்பம் பிரிந்தவர் உண்டு, மனமுடைந்து உயிரையே மாய்த்துக்கொண்டவரும் உண்டு. அல்லாஹ் பாதுகாப்பானாக! திட்டத்தை விற்றுத் தரகு சம்பாதித்தவர்களில் பலரோ கம்பெனியை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

இதைவிட வேதனையானது ஒன்று உண்டு. 'பேருக்குத்தான் கடன்' என்று சொல்லப்பட்ட அந்தப் பத்திரங்களைச் சில இடங்களில் வேறு ஆட்கள் விலைக்கு வாங்கினார்கள். வாங்கியவர்கள், 'எங்கே எங்கள் பணம்? கடனைத் திருப்பிக் கொடு' என்று கடிதம் அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு புறம் அரசாங்கம், 'இது சம்பளம், வரி கொடு' என்கிறது. மறுபுறம் பத்திரக்காரன், 'இது கடன், அசலைக் கொடு' என்கிறான். நடுவே நிற்கிறான், கையெழுத்துப் போட்டவன்.

2018-ஆம் ஆண்டு நம் மருமகன் போன் செய்தான். தேநீர் குடித்துச் சிரித்த குரல் அல்ல அது. "மாமா, உம்மாவிடம் சொல்லாதீர்கள்" என்றுதான் தொடங்கினான். வரித்துறையின் கடிதம் வந்திருந்தது. லாத்தா நாகூரில் தன் பங்கு வீட்டை விற்றுப் பணம் அனுப்புகிறேன் என்று அழுதது பின்னர் நடந்த கதை. அவன் வேண்டாமென்று மறுத்து, இன்றளவும் தவணை முறையில் கட்டி வருகிறான்.

அன்றிரவு நாம் கடையைச் சாத்திவிட்டு நம்முடைய பேரேட்டை எடுத்தோம். ஏனெனில் அவனைக் கெட்டிக்காரன் என்று சொன்ன வாயோடு நாம் நின்றுவிடவில்லை; அவன் வித்தையை நாமும் பழகியிருந்தோம்.

நம் கடையில் முப்பது வயதுத் தம்பி ஒருவர் வேலை பார்த்தார், இந்நாட்டு நிரந்தரவாசி. பேசிய கூலி மாதம் 2,000 வெள்ளி. 2017 ஜனவரி முதல் நாம் 1,400 வெள்ளியைச் சம்பளமென்றும் 600 வெள்ளியைக் கைக்கடனென்றும் எழுதிக் கையொப்பம் வாங்கி வந்தோம். எதற்காக? மத்திய சேமநிதிக்காக. முதலாளி பங்கு நூற்றுக்கு 17, தொழிலாளி பங்கு நூற்றுக்கு 20. அறுநூறுக்கு நம் பங்கு 102 வெள்ளி மிச்சம் என்று கணக்குப் போட்டோம். "தம்பி, உங்கள் பங்கு 120 வெள்ளியும் கையோடு கிடைக்கிறதே" என்று அவருக்கும் இனிக்கச் சொன்னோம். பதினெட்டு மாதம் இப்படி நடந்தது.

பேரேட்டைக் கூட்டிப் பார்த்தோம். தம்பியின் பேரில் 10,800 வெள்ளி கடன் நின்றது! உழைத்து வாங்கிய கூலிக்கு அவர் நமக்குக் கடன்காரர். அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஜூரோங்கில் நல்ல வேலை ஒன்று கிடைக்கும்போல் இருக்கிறதென்று அவர் இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் பேச்சை நிறுத்திக்கொண்டார். மறுநாள் அவரையே கேட்டோம். தலையைக் குனிந்து, "நானா, நான் போனால் அந்தக் காகிதத்தை வைத்து நீங்கள் கேட்டால் என்ன செய்வேன் என்று பயந்தேன்" என்றார். நாம் அப்படிக் கேட்பவர் அல்லவென்று நமக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? நாம் மவுத்தாகிவிட்டால் நம் மக்களுக்குத்தான் எப்படித் தெரியும்? அவர்கள் காகிதத்தைத்தானே பார்ப்பார்கள்!

சகோதரர்களே! திருமறையின் மிக நீண்ட ஆயத்து எதைப் பற்றியது தெரியுமா? அல்பகரா சூராவில் வரும் கடனைப் பற்றிய ஆயத்துத்தான். கடன் கொடுத்தால், வாங்கினால், எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள், எழுதுகிறவன் நேர்மையாக எழுதட்டும் என்பது அதன் கருத்து. உள்ளதை மறவாதிருக்க அல்லாஹ் எழுதச் சொன்னான். இல்லாததை உண்டென்று காட்ட நாம் எழுதினோம். அவன் கொடுத்த பேனாவைக் கொண்டே அவன் கட்டளையைக் கெடுத்தோம்.

அஃராஃப் சூராவில் கடற்கரை ஊரார் ஒருவருடைய சம்பவம் வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கலாகாது என்பது அவர்களுக்கு இட்ட விதி. அன்றுதான் மீன்கள் நீர்மேல் திரண்டு வரும். அது சோதனை. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத் தஃப்ஸீர்க்காரர்கள் விளக்குகிறார்கள்: வெள்ளிக்கிழமையே வலையை விரித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டார்களாம். சனிக்கிழமை நாங்கள் கடலைத் தொடவே இல்லையே என்றார்களாம். சொல்லைக் காப்பாற்றிக் கட்டளையைக் கொன்றார்கள். அவர்களுக்கு நேர்ந்த இழிவை நாம் அறிவோம். மதரஸாவில் உஸ்தாது இதைச் சொல்லும்போது நாமும் சிறுபிள்ளைகளாய்ச் சிரித்தோம். அந்த வலை ஒருநாள் நம் கல்லாப்பெட்டியிலும் விரியும் என்று அன்று எண்ணினோமா?

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது அதன் கருத்தையே, வாய்ச்சொல்லை அல்ல என்று ஃபிக்ஹு மேதைகள் ஒரு விதி வகுத்திருக்கிறார்கள். உழைப்புக்குக் கொடுப்பது உஜ்ரத்து, அதாவது கூலி. திரும்பி வரும் என்று கொடுப்பது கர்ளு, அதாவது கடன். திருப்பும் எண்ணம் வாங்குகிறவனுக்கும் இல்லை, கேட்கும் எண்ணம் கொடுக்கிறவனுக்கும் இல்லையென்றால் அது கர்ளு ஆகாது. எள்ளைக் கொள்ளென்று எழுதி ஒட்டினால் எண்ணெய் மாறிவிடுமா?

இக்காரியத்தில் ஒரு முஸ்லிமுக்கு இரண்டே வழிகள். கடன் என்பது மெய்யானால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூலி என்பது மெய்யானால் அதற்குரிய வரியையும் சேமநிதியையும் கட்ட வேண்டும். இரண்டும் வேண்டாமென்று நடுவில் நிற்க இடமில்லை.

கடனை இலேசாக எண்ணற்க. நாயகம் (ஸல்) அவர்கள் முன்னிலையில் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவருக்குக் கடன் உண்டா என்று கேட்டார்கள். மூன்று தீனார் உண்டு, விட்டுச் சென்றது ஏதுமில்லை என்று சொல்லப்பட்டது. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்ற கருத்தில் விலகிக்கொண்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்னரே தொழவைத்தார்கள். மூன்று தீனாருக்கு இந்த நிலை! பேருக்குத்தானே என்று பல்லாயிரம் வெள்ளிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மவுத்தானால், நம் வாரிசுகள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? சொத்தைப் பங்கிடுமுன் கடனைத் தீர்க்க வேண்டியது ஷரீஅத்தின் சட்டம் அன்றோ?

இன்னும் ஒன்று. கடன்காரன் சகாத்துக் கணக்கில் கடனைக் கழித்துக்கொள்ள இமாம்கள் பலர் இடமளித்திருக்கிறார்கள். அரசாங்கத்திடம் 'எனக்குக் கடன்' என்று காட்டிய அதே தாளை ரமளானில் அல்லாஹ்விடமும் நீட்டுவோமா? நீட்டினால் ஏழையின் பங்கு பறிபோகிறது. நீட்டாவிட்டால் அத்தாள் பொய்யென்று நாமே சாட்சி சொல்லியாகிறது.

'நாம்தான் சகாத்துக் கொடுக்கிறோமே, வரி எதற்கு?' என்று கேட்கும் சகோதரர்களும் உண்டு. சகாத்து இபாதத்து, அதற்கு எட்டுப் பங்காளிகளை அல்லாஹ்வே வகுத்திருக்கிறான். வரியோ இந்நாட்டோடு நாம் செய்துகொண்ட உடன்படிக்கையின் பகுதி. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இக்கரையில் இறங்கினார்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியாப் பள்ளிவாசலைக் கட்டினார்கள், வியாபாரம் செய்தார்கள், பாதுகாப்புப் பெற்றார்கள். நாம் நடக்கும் சாலையும், நம் மக்கள் படிக்கும் பள்ளிக்கூடமும், நோயில் விழுந்தால் ஏந்தும் ஆஸ்பத்திரியும் இந்நாடு தருபவை. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு முஃமின்களுக்கு அல்லாஹ் கட்டளையிடுகிறான். எதிரில் இருப்பவன் நம்மவனா பிறனா என்ற பேச்சு அதில் இல்லை.

இச்சிங்கப்பூரிலும் இதற்கு நிகரான காரியங்கள் நடந்தே இருக்கின்றன. சம்பளத்துக்கு இருந்த பல் மருத்துவர் ஒருவர் தம் பேரில் கம்பெனி அமைத்தார். கிளினிக் அவர் உழைப்புக்கான பணத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தது. அவர் முன்னைவிடக் குறைந்த ஊதியம் எடுத்துக்கொண்டு, வரியற்ற இலாபப் பங்காகவும் பணம் பெற்றார். வரி ஆணையம் இதை ஏற்கவில்லை. 2020-இல் உயர்நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. கம்பெனி அமைத்தது குற்றமென்று எவரும் சொல்லவில்லை. வரியைக் குறைக்கவென்றே செய்த ஏற்பாடு செல்லாது என்பதே பொருள். வருமான வரிச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. அதன்படி வரியைத் திருத்தி விதித்தால், 2023-ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் அவ்வரியின் மேல் பாதியளவு கூடுதல் தொகையும் சேரும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுவோம். சட்டம் தரும் கழிவுகளை எடுத்துக்கொள்வது தவறல்ல. அது நம் உரிமை. கம்பெனியிலிருந்து மெய்யாகவே கடன் வாங்கி, கெடு வைத்து, திருப்பிக் கட்டுவதும் தவறல்ல. நெருக்கடியில் உள்ள தொழிலாளிக்கு அழகிய கடன் கொடுப்பது பெரும் நன்மை. பெயர் ஒன்றும் பொருள் வேறுமாக இருப்பதே பிழை.

தம்பியிடம் பேசிய மறுநாளே நாம் சேமநிதிக் கழகத்துக்குச் சென்று உள்ளதை எழுதிக் கொடுத்தோம். மாதம் 222 வெள்ளி வீதம் பதினெட்டு மாதத்துக்கு 3,996 வெள்ளி. தம்பியின் பங்கையும் நாமே கட்டினோம். தாமதத்துக்கு மாதம் நூற்றுக்கு 1.5 வீதம் வட்டியும் சேர்ந்தது. வாழ்நாளெல்லாம் வட்டிக்கு அஞ்சி வங்கி வாசலை மிதிக்கத் தயங்கிய நாம், நம் கையால் தேடிக்கொண்ட வட்டி அது. இதில் வேடிக்கை என்னவென்றால், கூலியாக எழுதியிருந்தால் அந்த 10,800 வெள்ளியைக் கடைச் செலவில் கழித்திருக்கலாம். கடன், செலவு ஆகாதே! ஹராமில் கணக்குங்கூடச் சரியாய் வராது போலும்.

பிறகு தம்பி கையொப்பமிட்ட தாள்களை அவர் கண் முன்னே கிழித்தோம். கூலிதான் இது, கடன் அல்ல என்று தனியே எழுதியும் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் அவர் ஜூரோங் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது முஸாஃபஹா செய்து, "துஆ செய்யுங்கள் நானா" என்றார். நல்ல வேலைக்காரரை இழந்தோம். ஆனால் அன்றிரவு நன்றாக உறங்கினோம்.

ஆகவே, சகோதரர்களே, நம் அனுபவத்தில் சில வார்த்தை. உழைப்புக்குரிய பணத்துக்கு 'கடன்', 'முன்பணம்', 'அன்பளிப்பு' என்று வேறு பெயர் சூட்டச் சொல்லி யார் வந்தாலும், 'இதைத் திருப்பிக் கேட்பீர்களா?' என்று ஒரே கேள்வி கேளுங்கள். 'மாட்டோம்' என்றால் ஓடிவிடுங்கள். மிச்சமாகும் வரியில் பங்கு கேட்கிறவன் காகிதத்தில் கையொப்பம் இடாதீர்கள். வரி ஆணையம் கேட்கிறபடி கணக்கை ஐந்தாண்டு பத்திரமாக வையுங்கள். முன்பே பிழை செய்திருந்தால் அவர்கள் வரும்வரை காத்திராமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். தாமாக முன்வருவோருக்குத் தண்டத்தைக் குறைக்கும் ஏற்பாடு இங்கே உண்டு. தௌபாவும் அப்படித்தானே! சூரியன் மேற்கே உதிக்கும்வரை அதன் வாசல் திறந்திருக்கிறது. ஆனால் நம் மூச்சு அதுவரை இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நாயகத்தின் (ஸல்) உம்மத்து நாம். கொடுக்கிற கூலியைக் கூலியென்று எழுதவாவது நமக்கு மனம் வேண்டாமா?

யா அல்லாஹ்! எங்கள் கணக்கை இங்கேயே நேராக்கித் தருவாயாக! கடனின் பாரத்திலிருந்தும், கடனென்ற பொய்யிலிருந்தும் எங்களையும் எங்கள் மக்களையும் காப்பாயாக! ஹலாலில் பரக்கத்துச் செய்வாயாக! ஆமீன்.